கடல்நீர்த் தொட்டிக்கு உயிர்மணல் படுகை: சென்னை வீட்டில் முதல்முறை அமைப்பவர்களுக்கு

கடல்நீர் மீன்தொட்டி வைக்கப் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் விளக்கைப் பற்றியும் மீனைப் பற்றியும்தான் பேசுவார்கள். தொட்டியின் அடியில் பரப்பும் மணலைப் பற்றிய பேச்சு கடையில் "எத்தனை கிலோ வேணும்?" என்ற கேள்வியோடு முடிந்துவிடும். பாக்டீரியாவும் சிறு உயிர்களும் குடியேறிய மணலைத்தான் உயிர்மணல் என்கிறோம். ஆனால் தொட்டியில் தண்ணீர் நிரப்பிய பிறகு மாற்ற முடியாத பொருள் என்று ஒன்று இருந்தால் அது மணல்தான். விளக்கை மாற்றலாம், பம்பை மாற்றலாம். ஆறு மாதம் ஓடிய மணலை மாற்றுவதென்றால் தொட்டியையே கலைக்க வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதியவை. அங்கே ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள், இங்கே மே மாதத்தில் தண்ணீரைக் குளிர்விப்பதுதான் பாடு. அங்கே கடல் அட்டையை வாங்கிப் போடு என்பார்கள், இங்கே அது சட்டப்படி குற்றம். இதையெல்லாம் அங்கங்கே விசாரித்து, தேடிப்பிடித்துத்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கணக்குகள் எல்லாம் நம் ஊரில் பலரும் தொடங்கும் மூன்றடித் தொட்டிக்கானவை: 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். மணலும் பாறையும் போக இதில் ஏறத்தாழ 150 லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

1. முதலில் ஆழத்தை முடிவு செய்யுங்கள்

மணல் வாங்குவதற்கு முன்பே இதில் தெளிவு வேண்டும். வழி இரண்டுதான். ஒன்று, 3 முதல் 5 செ.மீ. வரை உள்ள மெல்லிய படுகை. இரண்டாவது, 10 முதல் 15 செ.மீ. வரை உள்ள ஆழ்ந்த படுகை.

மெல்லிய படுகை முழுவதும் ஆக்சிஜன் ஓரளவு இறங்கும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அதில் வாழும். சேரும் நைட்ரேட்டைத் தண்ணீர் மாற்றித்தான் குறைக்க வேண்டும். ஆழ்ந்த படுகையின் அடியில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கே வாழும் வேறு வகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டையே உடைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியே விடும். கேட்க அருமையாக இருக்கும். ஆனால் அந்த அடி அடுக்கு சரியாக வேலை செய்ய ஆறு மாதம், சில சமயம் ஒரு வருடம் கூட ஆகும். அதுவரை பொறுமை வேண்டும். அதன் பிறகும் அதைக் கிளறக் கூடாது. கிளறினால் அடியில் தேங்கிய ஹைட்ரஜன் சல்பைடு வெளியே வந்து, அழுகிய முட்டை வாடையோடு மீன்களைக் கொன்றுவிடும்.

முதல் தொட்டி என்றால் மெல்லிய படுகைதான் என் பரிந்துரை. 4 செ.மீ. போதும். இரண்டுக்கும் நடுவில், "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று 7, 8 செ.மீ. போடுவதுதான் புதியவர்கள் அதிகம் விழும் குழி. நைட்ரேட்டை நம்பகமாக உடைக்கும் அளவுக்கு அது ஆழமும் இல்லை, குழாய் விட்டு முழுவதும் சுத்தம் செய்யும் அளவுக்கு மெலிதும் இல்லை. அழுக்கு மட்டும் சேர்ந்துகொண்டே போகும்.

எடைக் கணக்கு: 90 × 45 × 4 செ.மீ. என்றால் 16 லிட்டர் சொச்சம் மணல். உலர்ந்த அரகோனைட் மணல் லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிலோ. ஆக 25 கிலோ. பாறை இடத்தை அடைத்துக்கொள்வதால் 22 கிலோவிலேயே முடிந்துவிடலாம். இதே தொட்டிக்கு 12 செ.மீ. போட்டால் 70 கிலோவைத் தாண்டிவிடும்.

மொத்தப் பாரத்தையும் இப்போதே கூட்டிப் பாருங்கள். தண்ணீர், மணல், பாறை, கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்து 300 கிலோவை நெருங்கும். வாடகை வீடென்றால் வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் ஒப்புதல் வாங்கி வையுங்கள். தொட்டியைக் கூடத்தின் நடுவில் வைக்காமல் பீம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள்.

2. எந்த மணல், எந்தப் பருமன்

வேண்டியது அரகோனைட் மணல். கால்சியம் கார்பனேட்டால் ஆனது, பவளமும் சிப்பியும் பொடிந்து உருவாகும் வகை. பருமன் அரை மி.மீ. முதல் ஒன்றரை மி.மீ. வரை இருக்கட்டும். அதைவிட நைசாக, மைதா மாதிரி இருந்தால் பம்பு அடிக்கும் வேகத்தில் பறந்து பாறை மேல் படியும். அதைவிடக் கரடாக, உடைத்த பவளத் துண்டாக இருந்தால் இடுக்குகளில் மிச்ச உணவு இறங்கி அழுகும்.

கடையில் வெள்ளையாக இருப்பதையெல்லாம் அரகோனைட் என்று சொல்லித் தருவதுண்டு. சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு ஸ்பூன் மணலில் கொஞ்சம் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் அது கார்பனேட். சும்மா கிடந்தால் வெறும் சிலிக்கா மணல். நுரைப்பது மார்பிள் பொடியாகவும் இருக்கலாம் என்பதால் கையில் எடுத்தும் பாருங்கள். மார்பிள் துண்டுகள் கூர்மையாக, ஒரே மாதிரி உடைந்திருக்கும். அரகோனைட் மணல் உருண்டு மழுங்கியிருக்கும், நடுநடுவே சிப்பித் துணுக்கு தெரியும்.

மெரினாவிலோ திருவான்மியூரிலோ ஒரு வாளி அள்ளி வந்தால் என்ன என்று தோன்றும். வேண்டாம். நம் கடற்கரை மணல் பெரும்பாலும் சிலிக்கா. அதில் கறுப்பாக ஓடும் கோடுகள் இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்கள், இரும்பு கலந்தவை. அதற்கு மேல், கூவமும் அடையாறும் கொண்டுவந்து சேர்ப்பது எல்லாம் அதே கரையில்தான் இருக்கிறது. கடற்கரையில் மணல் எடுப்பதற்குச் சட்டத் தடைகளும் உண்டு.

இன்னொரு நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். அரகோனைட் போட்டால் தண்ணீரின் பிஎச்சை அதுவே பார்த்துக்கொள்ளும் என்பார்கள். தொட்டியின் பிஎச் 8-க்கு மேல் இருக்கும்போது இந்த மணல் கிட்டத்தட்டக் கரைவதே இல்லை. காரத்தன்மையை நீங்கள்தான் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். 8, 9 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) இருந்தால் நல்லது.

3. பாக்கெட் உயிர்மணலா, உலர் மணலா

"லைவ் சாண்ட்" என்று ஈரத்தோடு பாக்கெட்டில் வருவதில் இருப்பது பாக்டீரியா மட்டும்தான். மணலை உண்மையில் உயிர்மணலாக்கும் சிறு புழுக்கள், இறால் இனத்தைச் சேர்ந்த பொடி உயிர்களான கோப்பிபாட்கள், ஆம்பிபாட்கள் எதுவும் மூடிய பாக்கெட்டில் மாதக்கணக்கில் பிழைத்து வராது. பாக்டீரியாவும் எத்தனை மிச்சம் என்பது அந்த மூட்டை எங்கே, எத்தனை நாள் கிடந்தது என்பதைப் பொறுத்தது. நம் ஊர் வெயிலில் கிடங்கில் கிடந்ததா என்று கேட்டால் பதில் வராது. பாக்கெட்டில் தேதி இருந்தால் பார்த்து வாங்குங்கள்.

முழுவதும் உலர் மணலாக வாங்கிவிட்டு, பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல தொட்டி ஒன்றிலிருந்து ஒரு டம்ளர் மணலை வாங்கிச் சேர்ப்பதுதான் நம்பகமான வழி. செலவும் பாதிதான்.

4. செலவு

நான் விசாரித்தபோது கேட்ட விலைகளை வைத்துச் சொல்கிறேன். கடைக்குக் கடை மாறும், இறக்குமதிச் சரக்கு என்பதால் மாதத்துக்கு மாதமும் மாறும். உலர் அரகோனைட் கிலோ 150 முதல் 350 ரூபாய் வரை. பாக்கெட் உயிர்மணல் அதைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு. தண்ணீரின் உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் 1,500 முதல் 3,000. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், காரத்தன்மை நான்கையும் அளக்கும் கிட்டுகள் 3,000 முதல் 6,000. தண்ணீரில் கரைந்திருப்பதையெல்லாம் நீக்கும் ஆர்ஓ-டிஐ அலகு 7,000-இல் தொடங்கும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் 20,000-க்கு மேல்.

சில்லரின் விலையோடு கணக்கு முடிவதில்லை. 200 வாட் சில்லர் ஒரு நாளில் பத்து மணி நேரம் ஓடினால் 2 யூனிட். இரண்டு மாத பில்லில் அது மட்டுமே 120 யூனிட். உங்கள் வீடு ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி இருந்தால் அடுத்த அடுக்குக்குப் போய் மொத்த பில்லும் எகிறும். இதைத் தொட்டி வாங்கும் முன்பே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

காசைச் சேமிக்க வேண்டும் என்றால் மணலிலும் விளக்கிலும் சேமியுங்கள். ரிஃப்ராக்டோமீட்டரிலும் கிட்டிலும் சேமிக்காதீர்கள்.

5. சட்டமும் பில்லும்

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பல கடல் உயிர்கள் சேர்க்கப்பட்டன. பாறைகட்டும் பவளங்கள், கறுப்புப் பவளம், கடல் விசிறி, எல்லா வகைக் கடல் அட்டைகள், கடற்குதிரைகள் இதில் அடக்கம். இவற்றை நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். காய்ந்த பவளத் துண்டு என்றாலும் இதே கதைதான். ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் போனவர் "கொஞ்சம் லைவ் ராக் (உயிர்கள் ஒட்டிய பவளப்பாறைத் துண்டு) கொண்டுவரட்டுமா?" என்று அன்போடு கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே பவளத்தை வெட்டி எடுத்த காலத்தின் சேதம் இன்னும் ஆறவில்லை. நம் வீட்டு அழகுக்காக அதில் ஒரு துண்டு கூடக் குறையக் கூடாது.

பாறைக்குச் செராமிக்கிலோ சிமென்ட் கலவையிலோ செய்த செயற்கைப் பாறை கிடைக்கிறது. பாக்டீரியாவுக்கு அது போதும். எதை வாங்கினாலும் பில் கேளுங்கள். பில்லில் "அக்வேரியம் சாமான்" என்று பொதுவாகப் போடாமல் பொருளின் பெயரைப் போடச் சொல்லுங்கள். வெளிநாட்டில் வளர்த்த பவளம் என்று யாராவது விற்றால் இறக்குமதி ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். தயங்கினால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

6. தண்ணீர்

மெட்ரோ தண்ணீரில் குளோரின். போர்வெல் தண்ணீரில் நைட்ரேட், சிலிக்கேட், உப்பு. இரண்டுமே நேரடியாக ஆகாது. ஆர்ஓ-டிஐ அலகில் வடிகட்டி, கரைந்த பொருட்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீர் வேண்டும். இனி ஆர்ஓ தண்ணீர் என்று நான் சொல்வது இதைத்தான்.

"வீட்டில்தான் குடிக்க ஆர்ஓ இருக்கிறதே" என்று பலர் இங்கே வழுக்குகிறார்கள். குடிநீர் இயந்திரங்களில் சுவைக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கும், சிலவற்றில் கனிமப் பொட்டலமும் இருக்கும். அதனால்தான் அதில் வரும் தண்ணீர் 50, 80 என்று காட்டுகிறது. கேன் தண்ணீரும் அப்படியே. மணலில் பழுப்புப் படலம் வேகமாகப் படர்வதற்கு இப்படி வரும் சிலிக்கேட்டும் ஒரு காரணம்.

கடல்நீர்த் தொட்டிக்கென விற்கும் உப்பைத் தனி டிரம்மில் கலக்குங்கள், மணல் இருக்கும் தொட்டிக்குள் கொட்டாதீர்கள். தண்ணீரை முதலில் எடுத்து, பம்பை ஓடவிட்டு, அதில் உப்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும். லிட்டருக்கு 36, 37 கிராம், அதாவது 150 லிட்டருக்கு ஐந்தரை கிலோ அளவில் தேவைப்படும். நம் ஊர்க் காற்றில் உப்பு ஈரம் இழுக்கும், அதனால் எடையை நம்பாமல் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) வரும் வரை பாருங்கள். அந்தக் கருவியை வெறும் தண்ணீரில் மட்டும் சரிபார்த்தால் போதாது, 35 பிபிடி சோதனைக் கரைசல் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

7. இறக்கும் வரிசை

முதலில் பாறை, அப்புறம் மணல். பாறையை வெறும் கண்ணாடித் தரையில், ஆடாமல் நிறுத்துங்கள். மணலை முதலில் பரப்பி அதன் மேல் பாறையை வைத்தால், பின்னால் வரும் கோபி மீனும் பிஸ்டல் இறாலும் அடியில் வளை தோண்டும்போது பாறை சரிந்து கண்ணாடியில் விழும்.

உலர் மணலை வாளியில் போட்டு, அரிசி களைவது போலக் கைவிட்டுக் கிளறிக் கழுவுங்கள். இதற்குக் குழாய்த் தண்ணீர் போதும். கலங்கல் பெரும்பாலும் போனதும், கடைசி அலசலை மட்டும் ஆர்ஓ தண்ணீரில் செய்யுங்கள். பாக்கெட் உயிர்மணலைக் கழுவக் கூடாது. ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி உலர்ந்த மணலுக்குள் ஓட்டிப் பாருங்கள், இரும்புத் துணுக்கு இருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

மணலைப் பரப்பியதும் அதன் மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின் மேல் தண்ணீரை மெதுவாக விடுங்கள். என்ன செய்தாலும் கலங்கும். ஒன்றிலிருந்து மூன்று நாளில் தெளியும். அந்த நாட்களில் பம்பு ஓடட்டும், வடிகட்டிப் பஞ்சை நாளுக்கு ஒருமுறை அலசுங்கள்.

மணல் மட்டம் வரை வெளிக்கண்ணாடியில் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள். வெளிச்சம் பட்டால் கண்ணாடியை ஒட்டிய மணலில் பச்சையும் ஊதாவுமாகப் பாசி அடுக்கு வரும். ஓர் ஓரத்தில் மட்டும் எடுத்து ஒட்டும்படி சிறு துண்டு விட்டுக்கொண்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

8. அம்மோனியாச் சுழற்சி: நான்கு முதல் ஆறு வாரம்

அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகும் வரை தொட்டியை ஓடவிடுவதைத்தான் சுழற்சி என்கிறோம். மீனைப் போட்டு, அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் சுழற்சி தொடங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பிஎச் 8.2 இருக்கும் கடல்நீரில் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் கூடுதல். அந்த மீன் செவுள் வெந்து சாகும். சுத்தமான அம்மோனியம் குளோரைடு இருந்தால் மீனே தேவையில்லை. நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் என்று விற்பது இதுதான், ஆனால் அதன் சுத்தத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஆய்வக ரசாயனக் கடையில் வாங்குங்கள்.

10 கிராமை ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 100 மி.லி. எடுத்தால் ஒரு கிராம். 150 லிட்டர் தொட்டிக்கு அது ஏறத்தாழ 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா தரும். கூடவே பாட்டில் பாக்டீரியாவும் ஊற்றலாம். ஊற்றுவதாக இருந்தால் அந்த நாட்களில் கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும், கிருமியைக் கொல்லும் யூவி விளக்கும் நிற்கட்டும். விளக்கு வேண்டவே வேண்டாம், பாக்டீரியாவுக்கு வெளிச்சம் தேவையில்லை, பாசிக்குத்தான் தேவை.

இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட் இறங்கும், நைட்ரேட் ஏறும். நைட்ரைட் அதிகமாக இருக்கும்போது நைட்ரேட் கிட் தப்பாக, மிகக் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து தண்ணீரை மாற்ற வேண்டாம். ஊற்றிய 2 பிபிஎம் அம்மோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யமாக இருந்தால் சுழற்சி முடிந்தது. அப்போது கால்வாசி அல்லது பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

9. மணலுக்கு உயிர் சேர்ப்பது

அம்மோனியா பூஜ்யமான பிறகுதான் இது. அதற்கு முன் போட்டால் வருகிற புழுவும் கோப்பிபாடும் செத்து இன்னும் அம்மோனியா ஆகும்.

குறைந்தது ஒரு வருடம் ஓடிய, நன்றாக இருக்கும் தொட்டி வைத்திருப்பவரிடம் ஒரு டம்ளர் மணல் கேளுங்கள். கேட்கும் முன் மூன்று விஷயம் விசாரியுங்கள். அந்தத் தொட்டியில் எப்போதாவது மீன் நோய்க்கான செம்பு மருந்து போட்டார்களா? அண்மையில் புது மீன் வந்ததா? ஐப்டேசியா என்ற, வேகமாகப் பரவித் தொல்லை தரும் கடல் அனிமோன் இருக்கிறதா? செம்பை மணல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், இறாலும் நத்தையும் அதில் பிழைக்காது. மீன் மட்டும் வைத்து விற்கும் கடைகளில் செம்பு மருந்து சாதாரணம், எனவே கடைத் தொட்டி மணலும் வேண்டாம், மீன் வாங்கும்போது வரும் கடைத் தண்ணீரையும் உங்கள் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

மேல் இரண்டு செ.மீ. மணலை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், உயிர்கள் அங்கேதான் அதிகம். நனையும் அளவு தண்ணீரோடு, அகலமான டப்பாவில், வெயில் படாமல், ஓரிரு மணி நேரத்தில் வீடு சேர்த்து, உங்கள் படுகையின் நாலைந்து இடங்களில் சிறு குவியலாக வையுங்கள். மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோயைத் தரும் ஒட்டுண்ணியின் கூடுகள் மணலில் ஒளிந்து வர வாய்ப்புண்டு. கொடுத்த தொட்டியில் அண்மையில் புது மீன் சேர்ந்திருந்தால், மீன் இல்லாமல் இரண்டரை மாதம் காத்திருங்கள். நீண்ட காத்திருப்புதான். ஆனால் அந்த இரண்டரை மாதத்தில் மீன் தின்னாத தொட்டியில் கோப்பிபாட்கள் பெருகி மணல் முழுவதும் பரவிவிடும். எனக்கு இதைவிட நல்ல தொடக்கம் தெரியவில்லை. அதுவரை வாரத்துக்கு ஓரிரு முறை ஒரு சிட்டிகை மீன் உணவைப் போடுங்கள், மணலுக்கும் சாப்பாடு வேண்டும்.

மணலைப் புரட்ட நசேரியஸ் நத்தையும் செரித் நத்தையும் நல்லவை. நான்கைந்தில் தொடங்குங்கள். மணல் சலிக்கும் நட்சத்திர மீன் வேண்டாம். அது நீங்கள் வளர்த்த சிறு உயிர்களையெல்லாம் தின்றுவிட்டு, மூன்றடித் தொட்டியில் பட்டினியால் சாகும். இரவில் டார்ச் அடித்தால் மயிர்க்கால்களோடு நெளியும் புழுக்கள் தெரியும். அவை எதிரிகள் இல்லை, அப்படியே விடுங்கள். வெறும் கையால் மட்டும் தொட வேண்டாம், முள் குத்தும்.

முதல் மீனாகத் தொட்டியில் பிறந்த க்ளவுன் மீனைக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள கடல் ஆய்வு நிலையங்கள் இதைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை என்றோ உருவாக்கிவிட்டன. கடலில் பிடித்ததை வாங்க வேண்டிய தேவையே இல்லை.

10. பழுப்பு, பச்சை, சிவப்பு

விளக்குப் போட்ட சில வாரங்களில் வெள்ளை மணல் பழுப்பாகும். டயட்டம் பாசி. தானாகப் போகும். அடுத்துப் பச்சை முடிப்பாசி வரலாம், ரத்தச் சிவப்பில் வழுவழுப்பான படலமும் வரலாம். இந்த நேரத்தில்தான் பாட்டில் மருந்து வாங்கும் ஆசை வரும். விளக்கு நேரத்தைக் குறைத்து, உணவைக் குறைத்து, வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றி, மேல் மணலை மூன்றில் ஒரு பங்கு வீதம் குழாய் விட்டு உறிஞ்சினால் போதும்.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் முழுப் பூஜ்யம் ஆக வேண்டும் என்று மருந்து போட்டு விரட்டாதீர்கள். இரண்டும் பூஜ்யமான தொட்டியில் டைனோபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்ப் படலம் வரும், நூல் நூலாக, காற்றுக் குமிழிகளோடு. அதை விரட்டுவது மற்ற எல்லாவற்றையும் விடக் கடினம்.

11. வெயிலும் மின்வெட்டும்

தண்ணீர் 25 முதல் 27 டிகிரி இருப்பது நல்லது. 30-ஐத் தாண்டினால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும், மணலில் உள்ள பாக்டீரியாக்களோ இன்னும் வேகமாக அதைச் செலவழிக்கும். சில்லர் இல்லாதவர்கள் நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறி வைத்து இரண்டு, மூன்று டிகிரி குறைக்கலாம். தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும், எனவே குறைந்த அளவை வெறும் ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள்.

மின்சாரம் நின்றால் படுகைக்கு மேல் நீரோட்டம் நிற்கும். மெல்லிய படுகை சில மணி நேரம் தாங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அதற்கு இன்வெர்ட்டரும் போதாது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு இரண்டு, மாற்று பேட்டரிகளோடு, அக்டோபருக்கு முன்பே வாங்கி வையுங்கள். மின்சாரம் நின்றதும் பம்பைப் போட்டுவிட்டு உணவை நிறுத்துங்கள், மீன் இரண்டு, மூன்று நாள் தாங்கும். மின்சாரம் திரும்பியதும் மணலுக்கு அருகில் மோந்து பாருங்கள். முட்டை வாடை வந்தால் மணலைத் தொடாமல் மேல் தண்ணீரில் பாதியை மாற்றுங்கள். வாடை இல்லை என்றால் அம்மோனியாவை மட்டும் அளந்து, பூஜ்யமாக இருந்தால் அடுத்த நாள் பாதி அளவு உணவில் தொடங்கலாம்.